“சூடு எவ்வளவு?” – கணினியிடம் நாம் கேட்க மறந்த கேள்வி

சென்ற பருவத்தில் எங்கள் வீட்டு மேசைக்கணினிக்கு ஒரு வினோதப் பழக்கம் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் திறந்தால், இருபது நிமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். இரவு பதினொரு மணிக்குத் திறந்தால் விடியும்வரை நல்ல பிள்ளையாக வேலை செய்யும். “அதுக்குப் பகல் தூக்கம் வேணும் போல,” என்று தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் மதியம் மூன்று மணிக்கு எனக்கு இயங்கலைத் தேர்வு.

அந்தக் கணினியை அப்பா 2021-இல் வாங்கினார். இல்லிருப்புக் கற்றல் நடந்த காலம். நான் படிவம் நான்கில் இருந்தேன். மூன்று பிள்ளைகளும் ஒரே கைப்பேசியில் மாறி மாறிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரோ பயன்படுத்திய கணினி ஒன்றைத் திரையோடு சேர்த்து 850 வெள்ளிக்கு எடுத்து வந்தார். அதில் படித்துத்தான் நான் எஸ்.பி.எம். எழுதினேன், மெட்ரிகுலேஷன் முடித்தேன், இப்போது பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறேன்.

அருகிலிருந்த ஒரு கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். குளிரூட்டியின் கீழே மேசையில் வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். அங்கே அது அணையவே இல்லை. “மதர்போர்டு போகப் போகுது. பழைய மாடல், சாமான் கிடைக்காது. புதுசு எடுத்துருங்க,” என்றார் கடைக்காரர். விலை 1,800 வெள்ளி. அப்பா ஒன்றும் பேசாமல் கணினியைத் தூக்கிக் காரில் வைத்தார். வழி முழுக்க யாரும் பேசவில்லை.

அப்பா பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி செய்பவர். சிப்புகளைச் சோதிக்கும் பிரிவு. மாலையில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்தவர் என்னிடம் கேட்டார்.

“சூடு எவ்வளவு ஏறுதுன்னு பாத்தியாம்மா?”

“கை வச்சுப் பாத்தேன்பா. கொதிக்குது.”

“கை சொல்றதெல்லாம் கணக்கில்ல. நம்பர் என்ன?”

அப்படி ஒரு நம்பர் இருப்பதே எனக்குத் தெரியாது. தொடக்கப்பள்ளியிலிருந்து கணினி அறைக்குள் போய் வந்திருக்கிறேன். தமிழிலும் படித்தேன், தேசிய மொழியிலும் படித்தேன். கட்டுரையைத் தட்டச்சு செய்யவும், அட்டவணை போடவும், படவில்லை தயாரிக்கவும் கற்றுக்கொண்டேன். கணினிக்குள் என்ன வெப்பம் இருக்கிறது, அதை எப்படிப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுத்தவுடன் வெப்பமானியைத் தேடுகிறோம். ஆண்டுக்கணக்காக நமக்குச் சோறு போடப்போகும் படிப்பைச் சுமக்கிற இயந்திரத்துக்கு மட்டும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கணினியின் வெப்பநிலையைப் பார்த்துப் புரிந்துகொள்வது ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை அறிவு. அதைப் பள்ளியிலேயே சொல்லித் தரலாம். அரை மணி நேரம் போதும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணினியின் மூளை என்று சொல்லப்படும் பிராசசருக்குத் தமிழில் ‘செயலி’ என்றும் பெயர் உண்டு. கைப்பேசிச் செயலியோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே பிராசசர் என்றே எழுதுகிறேன். அதற்குள் நூறு கோடிக் கணக்கில் நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கான முறை திறந்து மூடும் சுவிட்சு. இந்த வேலைக்கு உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது.

எங்கள் வீட்டுப் பிராசசர் 65 வாட் வகை. பழைய 60 வாட் குண்டு பல்பு எவ்வளவு சுடும் என்று பாட்டியிடம் கேளுங்கள். ஏறக்குறைய அதே அளவு வெப்பம் விரல் நகமளவு சிலிக்கான் துண்டிலிருந்து கிளம்புகிறது. இப்போது வரும் உயர்ரக மேசைக்கணினிப் பிராசசர்களில் சில, முழு வேகத்தில் ஓடும்போது 250 வாட்டையும் தொடுகின்றன.

இந்த வெப்பம் ஒரே பாதையில்தான் வெளியேற முடியும். சிலிக்கானிலிருந்து மேலே உள்ள உலோக மூடிக்கு, மூடியிலிருந்து வெப்பப் பசை வழியாக ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து காற்றாடி தள்ளும் காற்றுக்கு, பெட்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து அறைக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வெப்பம் உள்ளேயே தேங்கும். படிவம் நான்கு இயற்பியலில் வெப்பம் என்றொரு பாடம் இருக்கிறதே, அதன் செய்முறைப் பயிற்சி உங்கள் மேசைக்குக் கீழேயே இருக்கிறது.

பிராசசருக்குத் தன் சூடு தெரியும். சிலிக்கானிலேயே நுண்ணிய வெப்ப உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிராசசருக்கும் தயாரிப்பாளர் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார். இண்டெல் மேசைக்கணினிப் பிராசசர்கள் பலவற்றுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரி. அந்த வரம்பை நெருங்கும்போது பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காமல் ஆபத்தான அளவுக்குப் போனால் கணினியை ஒரேயடியாக அணைத்துவிடும்.

இந்தப் பாதுகாப்பு எப்போதும் இருந்ததில்லை. 2001-இல் ‘டாம்ஸ் ஹார்ட்வேர்’ என்ற இணையத்தளம், ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் ஹீட் சிங்கைக் கழற்றிக் காணொளி எடுத்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அன்றைய ஏ.எம்.டி. அத்லான் புகை கக்கிக் கருகிப்போனது. இன்று எந்தப் பிராசசரும் அவ்வளவு எளிதில் கருகாது. ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது நம் தேர்வை நடுவில் நிறுத்திவிடும்.

எப்படிப் பார்ப்பது?

முதல் வழிக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். கணினியைத் திறந்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து தட்டினால் பயோஸ் திரை வரும். அதில் ‘சி.பி.யு. டெம்பரேச்சர்’ என்ற வரியும், காற்றாடி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்ணும் இருக்கும். அங்கே மற்ற எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். ஆனால் வேலை செய்யும்போது என்ன நடக்கிறது என்பதைப் பயோஸ் காட்டாது. பயோஸ் திரையில் பிராசசர் மின்சாரத்தைச் சிக்கனம் செய்யாமல் ஓடும் என்பதால், விண்டோஸில் சும்மா இருக்கும்போது தெரியும் எண்ணைவிட இங்கே சற்றுக் கூடுதலாகவும் தெரியலாம்.

இரண்டாவது வழி, கண்காணிப்பு மென்பொருள். விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் அட்டையின் வெப்பத்தைக் காட்டினாலும் பிராசசரின் வெப்பத்தைக் காட்டுவதில்லை. அதனால் எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்று தேவைப்படும். அவற்றை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்கம் செய்யுங்கள். நிறுவும்போது வேறு எதையாவது சேர்த்து நிறுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளை இருக்கிறது.

எண்ணைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கணினியைத் திறந்து பத்து நிமிடம் சும்மா விட்டு ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை, அது காணொளிச் சந்திப்போ விளையாட்டோ, இருபது நிமிடம் செய்யுங்கள். அந்த நேரத்தில் பதிவான உச்ச எண்ணைக் குறியுங்கள். கூடவே பிராசசரின் வேகத்தையும் பாருங்கள். சூடு வரம்பில் நிற்க, வேகம் திடீரென்று பாதிக்கும் கீழே இறங்கினால், அது மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

எங்கள் கணினியில் நான் பார்த்தது இது. அறையில் 33 டிகிரி. சும்மா இருக்கும்போதே பிராசசர் 71. காணொளிச் சந்திப்பைத் திறந்த நான்காவது நிமிடத்தில் 100. எண் அங்கேயே நின்றது. 3 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசசர் 1-க்கும் கீழே இறங்கியது. சற்று நேரத்தில் திரை கறுத்தது. பேயும் இல்லை, பகல் தூக்கமும் இல்லை.

பினாங்கு வெயிலுக்கு ஏற்ற கணக்கு

இணையத்தில் தேடினால், சும்மா இருக்கும்போது 30 டிகிரிதான் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் பதறாதீர்கள். எழுதியவர் குளிர் நாட்டுக்காரராக இருக்கலாம். அவர் அறை 20 டிகிரி. நம் ஊரில் மதியம் வெளியே 31, 32 டிகிரி. காற்றோட்டம் இல்லாத அடுக்குமாடி வீட்டு அறைக்குள் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். காற்றால் குளிர்விக்கப்படும் எந்தப் பிராசசரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. அறை 10 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும்.

அதனால் கணக்கியல் மாணவியாக நான் ஒரு கழித்தல் கணக்கைச் சிபாரிசு செய்கிறேன். பிராசசர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் ஹீட் சிங்க்கும் காற்றாடியும் பொறுப்பேற்க வேண்டிய தொகை. அறை 32, பிராசசர் 74 என்றால் மிச்சம் 42. அதே கணினியை 20 டிகிரி அறையில் வைத்தால் 62 காட்டும். மிச்சம் அதே 42. கணினி மாறவில்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. இந்த மிச்சத்தை மாதம் ஒரு முறை எழுதி வைத்தால், அது மெல்ல மெல்ல ஏறும்போது தூசு சேர்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே வேலையைக் கொடுத்து அளந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும்.

எங்கள் மர்மமும் இந்தக் கணக்கில்தான் அவிழ்ந்தது. இரவில் அறை 27. மதியம் 33. கடையில் குளிரூட்டியின் கீழே அதைவிட மிகக் குறைவு. ஏற்கெனவே விளிம்பில் நின்ற கணினியை மதிய வெயில் தள்ளிவிட்டது. கடையின் குளிர் அதைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தியது. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணைப் பார்க்காமல் அவர் ஊகித்தார். எண்ணைப் பார்க்காமல் நானும் தம்பியும் ஊகித்ததைப் போலத்தான்.

நம் வானிலைக்கு ஒரு தோராய அளவு சொல்கிறேன். சாதாரண மேசைக்கணினி சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரை காட்டினால் கவலை வேண்டாம். கனமான வேலையில் 70 முதல் 85 வரை போகலாம். எப்போது பார்த்தாலும் 90-க்கு மேல் நின்றால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம். இதற்கு விதிவிலக்கும் உண்டு. ரைசன் 7000 வரிசையின் உயர்ரகப் பிராசசர்கள் முழு வேலையில் 95 டிகிரிவரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே உங்கள் பிராசசரின் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, அதன் உச்ச வரம்பைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

திறந்து பார்த்தபோது

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பெட்டியைத் திறந்தோம். முதலில் மின்கம்பியைப் பிடுங்கி, பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினோம். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னையும் இறக்கினோம்.

ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையில் கம்பளி போலத் தூசு. கணினி இருந்தது சாமி மேடைக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமைதோறும் போடும் சாம்பிராணிப் புகை தூசோடு சேர்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. ஹீட் சிங்கைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் இரண்டு கழன்றிருந்தன. போன ஆண்டு தோட்ட வீட்டிலிருந்து பண்டார் காசியா அடுக்குமாடிக்கு மாறியபோது கணினி லாரியில் குலுங்கிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஹீட் சிங்க் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு பெயருக்கு உட்கார்ந்திருந்திருக்கிறது.

கையால் ஊதும் ரப்பர் பம்பும் மென்தூரிகையும் வைத்துத் தூசு எடுத்தோம். காற்றாடி வேகமாகச் சுழன்று கெட்டுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டோம். பழைய வெப்பப் பசை காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதுப் பசையை ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தோம். நிறைய பூசினால் நிறைய குளிரும் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டுமே பசையின் வேலை. பிறகு நான்கு ஊசிகளையும் ‘டக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தினோம். பசைக்கும் ஆல்கஹாலுக்கும் ஆன செலவு 25 வெள்ளிக்குள்.

மீண்டும் அளந்தேன். அறை 32. சும்மா இருக்கும்போது 45. இருபது நிமிடக் காணொளிச் சந்திப்பில் 58. பிராசசரை முழு வேலை வாங்கும் சோதனையில் 74.

நீங்களும் செய்ய நினைத்தால் மூன்று எச்சரிக்கைகள். மின்வழங்கிப் பெட்டியை எந்தக் காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால் முதலில் விற்றவரிடம் கேளுங்கள். பழைய ஏ.எம்.டி. கணினிகளில் ஹீட் சிங்கை நேராக இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடலாம். சற்று நேரம் ஓடவிட்டுப் பசை இளகியதும் அணைத்து, கம்பியைப் பிடுங்கிவிட்டு, மெல்லத் திருகி எடுங்கள். தூசு தட்டுவதற்கு மேல் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் கடைக்கே கொண்டுபோங்கள். ஆனால் எண்களோடு போங்கள். “அடிக்கடி அணையுது” என்று சொல்பவருக்கும், “சும்மா இருக்கும்போதே 71, நாலு நிமிஷத்துல 100” என்று சொல்பவருக்கும் ஒரே பதில் கிடைக்காது.

நம் ஊரில் சோதிக்கப்பட்டது

பசையைத் துடைத்தபோது பிராசசரின் உலோக மூடியில் எழுத்துகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று, மலேசியாவைக் குறிக்கும் ‘மலாய்’ என்ற சுருக்கம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பினாங்குக்கும் பிராசசருக்கும் உள்ள உறவு நீண்டது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியபோது வந்த முதல் நிறுவனங்களில் இண்டெல், ஏ.எம்.டி. இரண்டும் அடங்கும். அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் அமைத்த முதல் தொழிற்சாலை பினாங்கில்தான். நம் பாட்டிகள், அத்தைகள் வயதுப் பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்த வேலையைச் செய்தார்கள். பத்து காவான் அப்போது தோட்டம். கரும்பு, அதன் பிறகு ரப்பர், செம்பனை என்று பயிர்கள் மாறினாலும் உழைத்தவர்களில் நம்மவர் எப்போதும் இருந்தார்கள். 2014-இல் இரண்டாவது பாலம் திறந்தது. மைக்ரோன், லாம் ரிசர்ச், போஷ் என்று தொழிற்சாலைகள் வந்தன. செம்பனை நின்ற இடத்தில் இன்று சிப்புகள் பொதியப்படுகின்றன, சோதிக்கப்படுகின்றன.

அந்தச் சோதனையில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிப்பைச் சூடாக்கியும் குளிர்வித்தும் ஓட்டிப் பார்த்து, தாங்குகிறதா என்று உறுதி செய்த பிறகே வெளியே அனுப்புகிறார்கள். “சூட்டுல ஒரு தடவ, குளிர்ல ஒரு தடவ. நம்பர் சரியா வராட்டி ரிஜெக்ட்,” என்றார் அப்பா. அவர் ஓர் இரவில் பார்க்கும் வெப்பநிலை எண்களை நான் இருபது ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். தொழிற்சாலையில் அப்பாவுக்குத் தெரிந்தது வீட்டு மேசைக்கு வந்து சேரவில்லை. அவரை நான் கேட்டதில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவள் நான், கணினி என் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுப்பவர்களுக்கு

இதையெல்லாம் தோழிகளிடம் சொன்னபோது, “பிராசசர் தானாகவே தன்னைக் காத்துக்கொள்ளும் என்கிறாயே, பிறகு நாம் ஏன் பார்க்க வேண்டும்?” என்று ஒருத்தி கேட்டாள். அது காத்துக்கொள்வது வேகத்தைக் குறைத்து. வேகம் குறைந்த கணினியைப் பார்த்து, “பழசாகிவிட்டது” என்று முடிவு கட்டிப் புதிது வாங்குகிறோம். எங்கள் வீட்டில் 25 வெள்ளி வேலைக்கு 1,800 வெள்ளி கொடுக்கவிருந்தோம். இரவுப் பணியில் அந்தத் தொகையைச் சேர்க்க எத்தனை இரவு ஆகும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். தூக்கி எறிந்த கணினி எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு, தனிக் கவனத்தோடு கையாளப்பட வேண்டிய கழிவு. குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டிய பொருள் அல்ல.

“இதெல்லாம் பொறியியல் படிப்பவர்களுக்கு” என்றாள் இன்னொருத்தி. காய்ச்சல் பார்க்க மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. நான் படிப்பது கணக்கியல்.

“இப்போது எல்லாரிடமும் மடிக்கணினிதான்” என்பதும் உண்மைதான். மடிக்கணினிக்கும் இதே மென்பொருள், இதே கழித்தல் கணக்கு. மெத்தைமேல் வைத்து அதன் அடியிலுள்ள காற்றுத் துளைகளை அடைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் பழைய மேசைக்கணினியை நம்பிப் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். புதிது வாங்க வசதியில்லாத வீட்டுக்குத்தான் இந்த அறிவு அதிகம் தேவை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினிக் கழகத்தின் ஒரு சந்திப்பை இதற்கு ஒதுக்குங்கள். மாணவர்கள் பள்ளிக் கணினிகளின் வெப்பநிலையை அளக்கட்டும், அறை வெப்பத்தைக் கழிக்கட்டும், எந்தக் கணினிக்கு முதலில் தூசு தட்ட வேண்டும் என்று அவர்களே பட்டியல் போடட்டும். தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெற்றோர் ஒருவரை அழைத்துப் பேச வையுங்கள். பத்து காவான், பிறை, பாயான் லெப்பாஸ், கூலிம் வட்டாரப் பள்ளிகளில் அப்படிப்பட்ட பெற்றோரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. தன் அப்பா வகுப்பின் முன் நின்று விளக்குவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, அது வெப்பநிலைப் பாடத்தோடு முடிந்துபோகும் விஷயமாக இருக்காது.

அந்த இயங்கலைத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதினேன். வெளியே கொளுத்தும் வெயில். கணினி மூன்றிலிருந்து ஐந்து மணிவரை ஒரு முறைகூட அணையவில்லை. எழுதி முடித்துப் பதிவான உச்ச எண்ணைப் பார்த்தேன். 61. பெட்டியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, தேதி, அறை வெப்பம், பிராசசர் வெப்பம், மிச்சம் என்று நான்கு வரிசை போட்டிருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு தம்பி அளப்பான், அப்பா சரிபார்ப்பார்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் கணினியிலும் அந்த எண்ணைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது “கெட்டுப்போச்சு” என்று சொன்னால், முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.